மார்கழியில் வேலையில்லை: திண்டிவனம் வட்டாரத்து இசைக்காரர்கள்

மார்கழி பிறந்துவிட்டால் சென்னையில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக்கள் காலையிலிருந்து இரவு வரை கச்சேரி வைக்கின்றன. அங்கிருந்து தெற்கே சுமார் 120 கிலோமீட்டரில் இருக்கும் திண்டிவனத்தில் அதே மார்கழி மேளக்காரர்களுக்குக் கை ஓய்ந்த மாதம். கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது, காதுகுத்து கிடையாது. பெருமாள் கோயில் விடியற்காலைப் பூஜைக்கும் ஐயப்பன் பஜனைக்கும் சிலருக்கு அழைப்பு வரும். மற்றவர்கள் தை பிறக்கட்டும் என்று காத்திருப்பார்கள். ‘இசை சீசன்’ என்று பத்திரிகைகள் எழுதும்போது ஒரு மாநகரத்தின் சில தெருக்களையே குறிக்கின்றன என்பதை இந்த ஒரு மாத வித்தியாசம் காட்டிவிடும்.

திண்டிவனம் பெரிய ஊர் இல்லை. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 72,000-க்குச் சற்று மேல். ஆனால் சாலைகள் கூடும் ஊர். வடக்கே சென்னை, தெற்கே விழுப்புரம், தென்கிழக்கே புதுச்சேரி, மேற்கே செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை, கிழக்கே மரக்காணம் என்று எந்தப் பக்கம் போகிறவரும் இங்கே பஸ் மாறியாக வேண்டும். டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் பழக்கம் இங்கே வேரூன்றவில்லை. அதனால் இசை இல்லாத ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. தெருவில், கோயில் வாசலில், கல்யாண மண்டபத்தில், பந்தலில், சுடுகாட்டுப் பாதையில் வருடம் முழுக்க யாராவது எதையாவது அடித்துக்கொண்டோ ஊதிக்கொண்டோதான் இருக்கிறார்கள். இசைக்காரர்களைப் பேசி அமர்த்திக்கொண்டு போகும் சந்தை என்றே இந்த ஊரைச் சொல்ல வேண்டும். அந்தச் சந்தைக்கு ஒரு விசித்திரம் உண்டு. கேட்பவர் காசு கொடுப்பதில்லை. காசு கொடுப்பவருக்குப் பெரும்பாலும் உட்கார்ந்து கேட்க நேரமிருப்பதில்லை. கூலி எந்தக் காரியத்துக்காகக் கொடுக்கப்படுகிறதோ, அந்தக் காரியம்தான் இங்கே இசையின் நீளத்தையும் வேகத்தையும் கருவியையும் தீர்மானிக்கிறது.

இது புதிதாக வந்த ஏற்பாடு இல்லை என்று சொல்ல இந்த ஊருக்கே உரிய ஓர் ஆதாரம் இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவன் ஊர் கிடங்கில். இன்று திண்டிவனம் நகராட்சிக்குள் கிடங்கல் என்று வழங்கும் பகுதிதான் அது. நல்லூர் நத்தத்தனார் பாடிய அந்த 269 அடிப் பாட்டை வள்ளலின் புகழ்ப்பாட்டாகவே பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். இசைக்காரர்களின் பிழைப்பைப் பற்றிய ஆவணமாகப் படித்தால் அது வேறொரு பாட்டாகிவிடுகிறது. பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு பாணன், வழியில் கண்ட இன்னொரு பாணனிடம் வேலை எங்கே கிடைக்கும், எந்த வழியாகப் போக வேண்டும், வழியில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று சொல்கிறான். எயிற்பட்டினத்துக் கடற்கரையில், அதாவது இன்றைய மரக்காணப் பகுதியில், சுட்ட மீனும் பழந்தேறலும் கிடைக்கும். வேலூரில் எயினர் வீட்டில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோற்றோடு நண்டுக் கறி. அப்புறம் கிடங்கில்.

அந்தப் பாணனின் பழைய வீட்டு நிலைமையைச் சொல்லும் இடம் பாட்டின் மிகக் கூர்மையான பகுதி. கூரை இடிந்து கறையான் ஏறிக் காளான் பூத்த அடுக்களை. குட்டி போட்ட நாய், பால் இல்லாத மடியைக் கண் திறக்காத குட்டிகள் இழுக்கும் வலி தாங்காமல் குரைக்கிறது. பாணனின் மனைவி குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களே என்று கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள். வேலை கிடைக்காத மாதத்தில் இசைக்காரன் வீடு எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழில் இதைவிடத் துல்லியமான சித்திரத்தை நான் படித்ததில்லை. வறுமையைவிட அது வெளியே தெரிந்துவிடும் என்ற வெட்கமே அங்கே பெரிதாக நிற்கிறது.

நல்லியக்கோடன் பாணர்களுக்கு மெல்லிய துணி கொடுக்கிறான், கள் கொடுக்கிறான், பொன் கலத்தில் தானே நின்று சோறு பரிமாறுகிறான், கடைசியில் தேர் கொடுத்து அனுப்புகிறான். அந்தச் சோறு எப்படிச் சமைத்தது என்று சொல்லும்போது, காண்டவ வனத்தை எரித்தவனின் அண்ணன் எழுதிய மடைநூல் முறைப்படி சமைத்தது என்கிறது பாட்டு. அர்ச்சுனனின் அண்ணன், வீமன். பாரதக் கதை இந்த மண்ணில் இசைக்காரர்களுக்குப் பரிமாறிய சோற்றில்கூட அப்போதே கலந்திருந்தது. அதே கதையை இரவு முழுக்கப் பாடித்தான் இன்றும் இங்கே நூற்றுக்கணக்கானவர்கள் சோறு உண்கிறார்கள்.

தை பிறந்ததும் சந்தை சூடு பிடிக்கும். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழா, தைப்பூசம், நிறுத்திவைத்திருந்த கல்யாணங்கள். மாசியில் மேல்மலையனூர் மயானக் கொள்ளை, கடற்கரை ஊர்களில் மகத் தீர்த்தவாரி. பங்குனியில் மயிலம் முருகன் கோயில் உத்திரம். சித்திரையும் வைகாசியும் திரௌபதி அம்மன் கோயில்களின் பாரத மாதங்கள். ஜமாக்கள் என்று அழைக்கப்படும் கூத்துக் குழுக்களுக்கு அறுவடைக் காலம். ஆடியில் கல்யாண மேளம் படுத்துவிடும், ஆனால் தெருவுக்குத் தெரு கூழ் வார்ப்பதால் பம்பைக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஒரே ஊரில் ஒரு வாத்தியக்காரர் வீட்டில் பண்டிகையும் அடுத்த வாத்தியக்காரர் வீட்டில் பஞ்சமும் ஒரே மாதத்தில் நடக்கும் விந்தை இது. இந்த மாதக் கணக்குக்கு மேல் நிலாக் கணக்கு ஒன்று ஓடுகிறது. அமாவாசை இரவு மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம். பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்கிரகாளியம்மன், திருவண்ணாமலைக் கிரிவலம். சில மாதக் கூத்துக்காரருக்கும் ஒருமாத ஆடிப் பம்பைக்காரருக்கும் இடையில் இந்த நிலாக் கணக்கு ஒரு சின்னப் பாலம் போடுகிறது.

பம்பையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இரண்டு உருளை மேளங்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டி இடுப்பில் தொங்கவிட்டு, இரண்டு கையிலும் குச்சியோடு அடிப்பது. ஒன்று மரத்தில் கடைந்தது, இன்னொன்று உலோகம். கூடவே உடுக்கை, சிலம்பு. அம்மனை ‘வர்ணிப்பது’ இவர்கள் வேலை. பாடகர் தெய்வத்தின் பிறப்பு, வந்த வழி, இருக்கும் ஊர்கள் என்று ஒவ்வொன்றாக அடுக்குவார். கரகம் எடுக்கப் போகிறவர் ஈரத் துணியோடு நிற்பார். வேகம் சீராக ஏறாது. ஏறி, ஒரு படி இறங்கி, மறுபடி ஏறும். அனுபவமுள்ள பம்பைக்காரர் கூட்டத்தைப் பார்ப்பதே இல்லை. நிற்பவரின் தோளையும் குதிகாலையும் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே ஒரு துடிப்பு தெரிந்ததும் பாட்டை விட்டுவிட்டு அடியை மட்டும் இறுக்குவார். சாமி வந்துவிட்டால் நல்ல செட்டு. வராவிட்டால் பம்பைக்காரருக்குத்தான் பேச்சு. அடுத்த வருடம் வேறு செட்டைப் பேசிவிடுவார்கள். இவருக்கு உண்மையான ரசிகர் ஒரே ஒருவர்தான், அந்த ரசிகரின் உடம்பு கொடுக்கும் பதிலே விமர்சனம். சபாக் கச்சேரியில் தலையாட்டலும் கைதட்டலும் எவ்வளவு தாராளமானவை என்பது இதைப் பார்த்த பிறகுதான் உறைக்கும்.

கூத்துக்கு வருவோம். திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் வட்டாரத்தை வெளியுலக ஆய்வாளர்கள் தேடி வந்ததற்குக் காரணமே திரௌபதி அம்மன் கோயில்களும் அவற்றோடு ஒட்டிய தெருக்கூத்தும்தான். ஆல்ஃப் ஹில்டபெய்ட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றிய தமது பெரிய ஆய்வின் முதல் தொகுதியை 1988-இல் வெளியிட்டபோது, செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று அதற்குத் துணைத்தலைப்பு வைத்தார். இங்குள்ளவர்களைக் கேட்டால் பயணம் எதிர்த்திசையில் நடந்ததாகச் சொல்வார்கள். பாண்டவர்கள் இங்கேதான் வந்தார்கள் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் கிடையாது. பகலில் கோயில் பந்தலில் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்தை வைத்துக் கதை சொல்வார். இரவு அதே கதை கூத்தாக வரும். கடைசி நாள் காலையில் மண்ணில் படுக்கவைத்த துரியோதனன் உருவத்தோடு படுகளம், மாலையில் தீமிதி. வில்லிபுத்தூரார் பிறந்த திருமுனைப்பாடி நாடும் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதைப் பிரசங்கியார்கள் மறக்காமல் சொல்வதுண்டு.

கூத்தில் வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்று இரண்டு. காஞ்சிபுரம், செய்யாறு, புரிசைப் பக்கம் வடக்கத்தி. விழுப்புரம், கடலூர், புதுச்சேரிப் பக்கம் தெற்கத்தி. திண்டிவனம் எல்லையோரத்தில் இருப்பதால் இரண்டையும் கேட்டுப் பழகிய காதுகள் இங்கே உண்டு. தாளம் மாறினால் திண்ணையில் இருக்கும் பெரியவர் முகம் சுளிப்பார். புரிசை கண்ணப்பத் தம்பிரான் (மறைவு 2003) வழியாக வடக்கத்திக் கூத்து சென்னை நவீன நாடகக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை அந்த உறவில் முளைத்ததுதான். தெற்கத்திப் பாணிக்கு அப்படிச் சென்னையில் ஒரு வக்கீல் அமையவில்லை. அதனாலேயே அது பெரும்பாலும் ஊர்க்காரர்களுக்கான கூத்தாகவே நின்றுவிட்டது. இதில் நஷ்டம் எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை.

கூத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கட்டையையும் கிரீடத்தையும் அரிதாரத்தையும் வர்ணித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் என் அக்கறை. ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை. முகவீணை நாதஸ்வரத்தின் குட்டி உருவம். சீவாளி வைத்து ஊதுவது, குரல் கீச்சென்று மேலே போய் நிற்கும். வேஷக்காரர் மேடைக்கு வருவதற்கு முன்பே இவர்கள் களத்தைப் பிடித்துவிட வேண்டும். முதலில் மேளம் மட்டும் கொட்டுவார்கள். தூரத்து ஊரில் இருப்பவருக்கும் இன்றைக்கு இங்கே கூத்து என்று தெரிய அதுதான் அறிவிப்பு. பிறகு கட்டியங்காரன். பிறகு இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் இருந்து வேஷத்தின் குரல் மட்டும் கேட்கும். உருவம் தெரிவதற்கு முன் குரல் தெரிந்துவிட வேண்டும் என்பது கூத்தின் விதி. துரியோதனன் யார் ஆடுகிறார் என்பதைத் திரை விலகும் முன்பே ஊர் கண்டுபிடித்துவிடும்.

குரல் மிக உயர்ந்த சுருதியில் இருக்கும். மைக் இல்லாத காலத்தில் ஆயிரம் பேருக்குக் கேட்க வேண்டிய கட்டாயம் அந்தச் சுருதியை உண்டாக்கியது. மைக் வந்த பிறகும் சுருதி இறங்கவில்லை, காது அதற்குப் பழகிவிட்டது. மாறியது வேறு. மேடை விளிம்பில் தொங்கும் மைக்குக்குக் கீழே வந்து நின்றுதான் பாட முடியும் என்பதால், களம் முழுக்கச் சுற்றி வரும் கிறிக்கி சுருங்கிப்போனது. ஆடுவது ஓரிடம், பாடுவது ஓரிடம் என்று பிரிந்தது. மிருதங்கக்காரர் முன்பு ஆட்டக்காரரின் காலைப் பார்த்து அடித்தார். இப்போது ஆட்டக்காரர் மைக்கைத் தேடி முன்னால் போய்விடுவதால் முதுகைப் பார்த்து அடிக்கிறார். மைக் செட்காரர் வைக்கும் சமநிலையில் ஆர்மோனியத்தை விழுங்கிவிட்டு டோலக் மட்டும் முன்னால் நிற்கும் இரவுகளும் உண்டு. கூத்தின் இன்றைய ஓசையை ஜமாவை நடத்தும் வாத்தியாருக்குச் சமமாக சவுண்டு சர்வீஸ் பையனும் தீர்மானிக்கிறான்.

முகவீணை போய்க்கொண்டிருக்கிறது. ஊத ஆள் கிடைக்காத ஜமாக்கள் ஆர்மோனியத்தோடு நிறுத்திக்கொள்கின்றன; சிலர் கீபோர்டு வைத்துக்கொள்கிறார்கள். ஆர்மோனியத்துக்குச் சுரம் நின்ற இடத்தில் நிற்கும், முகவீணைக்குச் சுரம் வளையும். அழுகைக் கட்டங்களில், துகிலுரிதலில் திரௌபதி முறையிடும்போது, அந்த வளைவு இல்லாமல் ஏதோ குறைகிறது என்பது கூத்து பார்த்துப் பழகிய யாருக்கும் தெரியும். என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாமல் ‘முன்ன மாதிரி இல்ல’ என்பார்கள்.

கூத்து தொடங்குவது இரவு பத்து மணிக்கு, முடிவது விடிந்தபின். இந்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்குத் தடை இரவு பத்து முதல் காலை ஆறு வரை. கூத்தின் நேரத்தைக் கேட்டு எழுதியது போலப் பொருந்தும் விதி! பண்பாட்டு, சமய விழாக்களுக்கு மாநில அரசு ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம் என்ற சலுகை இருக்கிறது. 2005-இல் உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் உறுதி செய்தது. ஆனால் நள்ளிரவில் கூத்து பாதிக் கதையில்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு திருவிழாவும் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, நாட்டாண்மை போய்ப் பேசி, பார்த்தும் பாராமலும் விட்டுவிடும் ஓர் உடன்பாட்டில் நடக்கிறது. ஊரில் ஏதாவது சாதித் தகராறு இருந்தால் அந்த உடன்பாடு முதல் ஆளாக உடையும். விதி தவறு என்று நான் சொல்லவில்லை. நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். பழைய கூத்துக்கு மின்சாரம் தேவைப்படவில்லை என்பதும் உண்மை. ஆனால் மைக் இல்லாமல் இன்றைக்குக் கூத்து விட்டால் கூட்டம் உட்காராது, பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான், விழாக் கமிட்டிக்கு மானம் போகும்.

திருவிழா இல்லாத மாதங்களில் ஜமாவைக் காப்பாற்றுவது சாவு. காரியத்துக்கு முந்தின இரவு ‘கர்ண மோட்சம்’ கூத்து விடும் வழக்கம் வட தமிழ்நாட்டில் பரவலாக இருக்கிறது. கர்ணனுக்கு மோட்சம் கிடைப்பதைப் பாடினால் இறந்தவருக்கும் கிடைக்கும் என்பது நம்பிக்கை. மனைவி பொன்னுருவி தடுக்க, கர்ணன் போருக்குப் புறப்படும் கட்டத்தில் இறந்தவர் வீட்டுப் பெண்கள் மேடையைப் பார்த்து அழுவார்கள். பாடகர் அதைக் கண்டுகொண்டு விருத்தத்தை நீட்டுவார். திருவிழாக் கூத்தில் கேட்காத ஒரு நிதானம் அப்போது வரும். சாவுக்கு மாதம் கிடையாது, பஞ்சாங்கம் கிடையாது. மார்கழியிலும் மனிதர்கள் இறக்கிறார்கள். ஒரு ஜமா வருடம் முழுக்கச் சேர்ந்து நிற்கிறதென்றால் அதற்குக் கர்ணன் காரணம். 2008-இல் வந்த ‘கர்ண மோட்சம்’ குறும்படமும், 2024-இல் திருவண்ணாமலைப் பக்கத்துக் கூத்துக்காரர்களை வைத்து பாரி இளவழகன் எடுத்த ‘ஜமா’ படமும் இந்த உலகத்தை வெளியே காட்டின. ‘ஜமா’வுக்கு இசை இளையராஜா. படம் பார்த்தவர்கள் வேஷக்காரரின் துயரத்தைப் பற்றிப் பேசினார்கள். கூலிக் கணக்கைப் பற்றி யாரும் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை.

சாவின் இன்னொரு இசை பறை. இதைப் பேசாமல் இந்த வட்டாரத்து இசையைப் பற்றி எழுதுவது நேர்மையாக இருக்காது. சுள்ளியோ வைக்கோலோ கொளுத்திப் பறையைக் காய்ச்சி, தோல் விறைத்ததும் விரலால் தட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காட்டி, பிறகு அடிப்பார்கள். காது நுட்பத்தில் இது எந்த மிருதங்கச் சுருதி சேர்ப்புக்கும் குறைந்ததில்லை. ஆனால் அடிப்பவரின் வேலை கலையாகக் கருதப்படவில்லை. சாதியின் கடமையாகக் கருதப்பட்டது. கூப்பிட்டால் வர வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். இதை மறுத்துப் பறையை அடிக்க மாட்டோம் என்று கீழே வைத்தவர்களின் போராட்டம் ஒரு பக்கம். அதே பறையை எங்கள் இசை என்று தலைநிமிர்ந்து மேடைக்குக் கொண்டுவந்தவர்களின் போராட்டம் இன்னொரு பக்கம். மதுரை இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் கே.ஏ. குணசேகரன் போன்றவர்கள் இரண்டாவது வழியில் நின்றார்கள். இந்த இரண்டு வழிகளும் ஒரே குடும்பத்துக்குள் மோதுவதுண்டு. சென்னை மேடையில் பேண்ட் போட்டுப் பறையடித்துக் கைதட்டல் வாங்கும் மகன், தன் ஊர்ச் சாவுக்கு அடிக்க மறுப்பான்; அப்பா போய் அடிப்பார். இருவரிடமும் நியாயம் இருக்கிறது.

தென்னாற்காட்டுச் சாவுப் பாட்டுகளைப் பற்றி இசபெல் கிளார்க்-டெசே 2005-இல் வெளியிட்ட நூல், ஒப்பாரி வைக்கும் பெண்கள் செத்தவருக்காக அழுவதைவிடத் தங்கள் வாழ்க்கையை நினைத்தே அழுகிறார்கள் என்று வாதிடுகிறது. நம் ஊர்ப் பெண்களுக்கு இது செய்தியே இல்லை. பிறந்த வீடு, கொடுத்த இடம், கட்டியவன், பெறாத பிள்ளை எல்லாம் அந்த அரைமணி நேரத்தில் வெளியே வந்துவிடும். கூலி வாங்காமல் பாடப்படும் இசை இந்த வட்டாரத்தில் ஏறக்குறைய இது ஒன்றுதான். வயலில் நடவுப் பாட்டு நின்றுபோன பிறகு, கிராமத்துப் பெண் வாய்விட்டுப் பாட ஊர் அனுமதிக்கும் இடம் பிணத்தின் தலைமாடு மட்டுமே.

கல்யாண மண்டபத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம், தவில். இந்தப் பக்கம் இசை வேளாளர் மட்டுமல்லாமல் மருத்துவர் சமூகத்தாரும் தலைமுறையாக இதைச் செய்து வருகிறார்கள். காவிரிக் கரைபோலப் பெயர் பெற்ற வித்துவான் பரம்பரை இங்கே இல்லை. மணி எட்டரைக்குக் கெட்டிமேளம் சரியாக விழ வேண்டும், அவ்வளவுதான் எதிர்பார்ப்பு. நடுவில் ஒரு கரகரப்பிரியாவை எடுத்து ஊதினால் வீடியோக்காரர் வந்து, ‘அண்ணே, ஒரு சினிமாப் பாட்டு போடுங்க, ரீல்ஸுக்கு’ என்பார். முந்தின நாள் வரவேற்புக்கு மெல்லிசைக் குழு. ஒருகாலத்தில் வயலின், டிரம்பெட், தும்பா என்று பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்த மேடையில் இப்போது ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், இரண்டு பாடகர். அதுவும் பலநேரம் கரோக்கி டிராக் ஓட, மேலே குரல் மட்டும். சீட்டில் பாட்டு எழுதி அனுப்பும் வழக்கம் மட்டும் மாறவில்லை. ஊர்வலத்தில் பேண்டு செட்டை ஓரங்கட்டிவிட்டுச் செண்டை வந்துவிட்டது. தோளில் மாட்டிய பத்துச் செண்டையும் ஒரே சீருடையும் படத்தில் நன்றாக விழுகின்றன. கல்யாண வீட்டார் அதற்காகவே பேசுகிறார்கள். கோயில்களில் கயிலாய வாத்தியக் குழுக்கள். அடியார்கள் தொண்டாகச் செய்வதால் பெரும்பாலும் கூலி கேட்பதில்லை. பக்தியில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சுவாமி புறப்பாட்டுக்குக் கூலி மேளம் பேசிவந்த நிர்வாகி, இலவசமாக வாத்தியம் கிடைக்கும்போது யோசிக்கத்தான் செய்வார்.

விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று மூன்றாண்டுப் படிப்பு. நல்ல பள்ளி, ஏழை வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் மாவட்டத்தில் அதிகம் பேருக்குச் சோறு போடும் பம்பையும் கூத்தின் முகவீணையும் பறையும் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. அண்மை ஆண்டுகளில் கலை பண்பாட்டுத் துறை பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சிகளைத் தொடங்கியிருக்கிறது. வாரத்தில் சில மணி நேரம். கூத்தை அப்படிக் கற்றுக்கொள்ள முடியுமா என்பது வேறு விஷயம். கூத்துக் கலைஞர் ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கி, 2002 முதல் 2020 வரை காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் நடத்தியபோது, பள்ளிப் படிப்போடு சேர்த்து வருடக்கணக்கில் கற்றுக்கொடுத்தார்கள். பெண் பிள்ளைகளையும் ஆடவைத்தார்கள். அப்படி ஒன்று திண்டிவனத்துக்குத் தெற்கே அமையவில்லை. தெற்கத்திப் பாணி இன்னமும் பெஞ்சில் அப்பாவுக்குப் பக்கத்தில் தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்து தாளம் போட்டுத்தான் வருகிறது.

2007-இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் வந்தது. உறுப்பினர் அட்டை, கல்வி உதவி, திருமண உதவி, ஈமச்சடங்கு உதவி. அட்டையின் உண்மையான பலன் 2020-இல் தெரிந்தது. மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தபோது பங்குனி நடந்துகொண்டிருந்தது. உத்திரமும் சித்திரையும் வைகாசியும் வரிசையாகக் கையைவிட்டுப் போயின. அடுத்த ஆண்டும் இரண்டாம் அலை சரியாக அதே மாதங்களில் வந்தது. கூத்துக்காரருக்குச் சம்பாதிக்கும் மாதங்கள் சில. இரண்டு வருடம் அவையே போனால் வருடம் முழுவதும் போனதாகத்தான் கணக்கு. வாரியத்தில் பதிந்தவர்களுக்கு நிவாரணத் தொகை வந்தது. பதியாதவர்களுக்கு அதுவும் வரவில்லை. மேளத்தையும் வேஷத்தையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலக வாசலுக்குப் போய் ஆடிக்காட்டி மனுக் கொடுத்தார்கள். சாவுக்குக்கூட இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றிருந்ததால் கர்ணனும் கைகொடுக்கவில்லை.

அந்த இடைவெளியில் இளைஞர்கள் பலர் ஒரகடம், செய்யாறு சிப்காட் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனார்கள். கூத்து திரும்பியபோது அவர்களும் திரும்பினார்கள், ஆனால் வேலையை விடாமல். ஆகவே இப்போது ஊரார் வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்துத் தேதி சொன்னதும் வாத்தியார் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு உடனே ஒத்துக்கொள்வதில்லை. மிருதங்கக்காரனுக்குப் போன் போட்டு அந்த வாரம் அவனுக்கு எந்த ஷிஃப்ட் என்று கேட்கிறார். நைட் ஷிஃப்ட் என்றால் வேறு ஆள் தேட வேண்டும், அல்லது அர்ச்சுனன் தபசை அடுத்த வாரத்துக்குத் தள்ள முடியுமா என்று விழாக் கமிட்டியிடம் கேட்க வேண்டும். கமிட்டிக்காரர்களிலும் இரண்டு பேர் அதே கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் என்பதால் பெரும்பாலும் பேசி முடித்துக்கொள்கிறார்கள்.